நாய்களுக்கு உண்டாகும் நீரடைப்பும் அதற்குரிய ரண சிகிச்சையும்

(போளூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கடன், விதை, எரு, பட்டு நூல், பால் ஆகிய விஷயங்களைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பிரசங்கங்கள் நிகழ்வதுண்டு. நாயைப் பற்றிய பிரசங்கம் அபூர்வம். சங்கத்தின் பேரேட்டில் நாய்க்கென்று ஒரு பத்தியும் கிடையாது. ஆடு மாடுகளைக் காட்டிக் கடன் கேட்பவர் உண்டு. நாயைத் தமது சொத்தென்று எழுதிக் கொடுப்பவர் ஒருவரும் இலர். ஆயினும், 1989-ஆம் ஆண்டில் வட ஆற்காடு ஜில்லா பிரிக்கப்பட்டது முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் இப்போளூர் வட்டாரத்தில், இராக்காலத்தில் விழித்திருந்து வேலை செய்யும் ஜீவன் நாயே. ஜவ்வாது மலையடிவாரத்தில் மணிலாக்கொட்டைக் கொல்லைகளுக்குள் காட்டுப்பன்றி புகாமல் காப்பதும், கிடையிலுள்ள ஆடுகளைக் காப்பதும், ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் தறியிலிருக்கும் பாவையும் பெட்டியிலிருக்கும் சரிகையையும் காப்பதும் அதுவே. கூலி கேளாமல் உழைக்கும் இப்பிராணிக்கு ஏற்படும் ஒரு கொடிய நோயைப் பற்றியும், அந்நோய் தக்க காலத்தில் கவனிக்கப்பட்டால் ரண சிகிச்சையால் தீரக்கூடியது என்பதைப் பற்றியும் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

ஓர் உதாரணம்

போளூருக்கும் ஆரணிக்கும் இடையே ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு நெசவாளி வீட்டை உதாரணமாக வைத்துக் கொள்ளலாம். வீட்டில் ஐந்து வயதான ஓர் ஆண் நாய் இருக்கிறது. ஒரு நாள் காலையில் அது தெருவிலுள்ள ஒவ்வொரு கம்பத்தண்டையிலும் சென்று காலைத் தூக்குகிறது, நெடுநேரம் முக்குகிறது, நீர் விழவில்லை, அல்லது இரண்டொரு துளி இரத்தங்கலந்து விழுகிறது. வீட்டுப் பெரியம்மாள் அதைப் பார்த்து, “மலங்கட்டிக் கொண்டது போலிருக்கிறது, விளக்கெண்ணெய் ஊற்றப்பா” என்கிறாள். எண்ணெய் ஊற்றப்படுகிறது. மறுநாள் நாய் சோறு தின்னவில்லை, வாந்தி எடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், “நீர்க்கடுப்பு, தம்பி, நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடு” என்கிறார். அவையும் கொடுக்கப்படுகின்றன. மூன்றாம் நாள் நாய் மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. குழந்தை வயிற்றைத் தொட்டதும் சீறிக் கடிக்க வருகிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. அவ்வளவுதான், “வெறி பிடித்துவிட்டது” என்று தெருவில் குரல் எழும்புகிறது, தடிகள் வெளிவருகின்றன.

இம்மூன்று நாட்களிலும் அவ்வீட்டார் அன்பின்றி நடக்கவில்லை; அறிந்ததைச் செய்தார்கள். ஆனால் நாய்க்கிருந்தது மலச்சிக்கலும் அன்று, வெறியும் அன்று. அதன் நீர்த்தாரையில் மிளகளவான ஒரு கல் சிக்கிக் கொண்டிருந்தது.

அடைப்பு உண்டாகும் விதம்

குண்டிக்காய்கள் இரண்டும் இரத்தத்திலுள்ள கழிவுகளை நீருடன் பிரித்து மூத்திரப்பைக்கு அனுப்புகின்றன. மூத்திரப்பை ஏரியைப் போன்றது. அதிலிருந்து வெளியே செல்லும் நீர்த்தாரை மதகு வாய்க்காலைப் போன்றது. மூத்திரத்தில் கரைந்திருக்கும் உப்புக்கள் சில காரணங்களால் படிந்து முதலில் மணலாகவும் பின்பு கல்லாகவும் திரளுகின்றன. பெரிய கல் பையிலேயே கிடந்து உறுத்தும். சிறிய கல்லே அபாயகரமானது. அது நீருடன் புறப்பட்டு வாய்க்காலுக்குள் நுழைந்து குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

பெட்டை நாயின் நீர்த்தாரை குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், அதற்குக் கல் உண்டானாலும் முழு அடைப்பு ஏற்படுவது அரிது. ஆண் நாயின் நீர்த்தாரையோ நீண்டது, வளைந்தது, குறுகியது. மேலும் நாயின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. அவ்வெலும்பின் அடிப்புறத்திலுள்ள பள்ளத்தின் வழியாகவே நீர்த்தாரை செல்கிறது. மற்ற இடங்களில் தாரை சற்று விரிந்து கொடுக்கும். எலும்பின் பள்ளத்தில் விரிய இடமில்லை. ஆகையால் கற்கள் பெரும்பாலும் அவ்வெலும்பின் பின் முனையில் வந்து தங்கிவிடுகின்றன.

கல்லைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. முதிர்ந்த ஆண் நாய்களில் புராஸ்டேட் என்னும் சுரப்பி வீங்கித் தாரையை நெருக்கலாம். அடிபட்டு ஆறிய புண்ணின் தழும்பு தாரையைச் சுருக்கலாம். தெருவில் திரியும் நாய்களில், புணர்ச்சியின் மூலம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் ஒருவகைக் கட்டி குறியில் வளர்ந்து இரத்தம் ஒழுகச் செய்வதுடன், சில சமயங்களில் நீரையும் அடைக்கிறது. இக்கட்டி பெரும்பாலும் வின்கிறிஸ்டின் என்னும் ஊசி மருந்தினால் கரையக்கூடியது. புராஸ்டேட் வீக்கம் பெரும்பாலும் காயடிப்பதனால் வற்றிவிடும். காரணம் இன்னதென்று அறியாமல் சிகிச்சை செய்தல் கூடாதென்பது இதனால் விளங்கும்.

காலத்தின் அருமை

மதகு அடைபட்டாலும் ஏரிக்கு வரத்து நிற்பதில்லை. மூத்திரப்பை உப்பி, வயிற்றில் ஒரு பந்தைப்போல் கைக்குத் தட்டுப்படுகிறது. பின்பு அழுத்தம் மேலேறிக் குண்டிக்காய்களின் வேலையை நிறுத்துகிறது. வெளியே போகவேண்டிய விஷப் பொருள்கள் இரத்தத்திலேயே தேங்குகின்றன. முழு அடைப்பு ஏற்பட்டு ஒரு நாள் ஆவதற்குள் இரத்தத்தில் இம்மாறுதல் காணத் தொடங்குகிறது. சில நாட்களுக்குள் மரணம் நேரிடுகிறது. பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து இரத்தத்தில் மிகுவதால் இருதயம் தடுமாறி நின்றுவிடுவதும் உண்டு.

சில நாய்களில் மூத்திரப்பை கிழிந்து விடுகிறது. அப்போது முக்கல் நின்று, நாய் சற்றுச் சுகமடைந்தது போல் படுத்துக் கொள்ளும். வீட்டார் கஷாயம் பலித்ததென்று மகிழ்வார்கள். உண்மையில் நீர் முழுவதும் வயிற்றறைக்குள் பரவியிருக்கும். சீக்கிரத்தில் நாய் சோர்ந்து கீழே விழும். ஆகையால் நீர் வெளிவந்ததைக் கண்ணால் காணாமல் நாய் தேறிவிட்டதென்று எண்ணலாகாது.

செய்யத் தகாதவை

முதலாவது, முக்குவதைக் கண்டதும் மலச்சிக்கலென்று தீர்மானித்துப் பேதி மருந்து கொடுத்தல். மலம் கழிந்தும் முக்கல் நிற்காவிட்டால் நோய் வேறிடத்தில் இருக்கிறதென்று அறிய வேண்டும்.

இரண்டாவது, நீர் பெருக்கும் கஷாயங்களையும் சாறுகளையும் ஊற்றுதல். தண்ணீர் தாராளமாகக் குடிப்பது கல் உண்டாகாமலிருக்க உதவும் என்பது மெய்யே. ஆனால் தாரை முழுவதும் அடைபட்ட பிறகு நீரைப் பெருக்குவது, மூடிய மதகின் பின்னே வெள்ளத்தைத் திருப்பிவிடுவதை ஒக்கும். நோய் வருமுன் நன்மை செய்யும் பொருளே நோய் வந்தபின் கரையை உடைக்கும்.

மூன்றாவது, வயிற்றைப் பிசைந்து நீரை வெளியேற்ற முயலுதல். உப்பிய பை கையழுத்தத்தில் கிழிந்துவிடும்.

நான்காவது, ஈர்க்கு, கம்பி முதலியவற்றைத் துவாரத்தில் செலுத்திப் பார்த்தல். தாரை கிழிந்து ஆறாத தழும்பு உண்டாகும்.

ஐந்தாவது, மனிதர் உட்கொள்ளும் வலி மாத்திரைகளைக் கொடுத்தல். பாரசிட்டமால், டைகுளோபினாக், ஐபுபுரூபன் ஆகியவை நாய்க்குத் தீங்கானவை; குண்டிக்காய் தடைபட்டிருக்கும் சமயத்தில் அவை பின்னும் கொடியவை.

நாய் வலி மிகுதியால் கடிக்கக்கூடும். அதன் வாயைத் துணியால் தளர்த்தியாகக் கட்டி, வாந்தி எடுக்கும்போது உடனே அவிழ்த்துவிட வேண்டும். வெறிநோய் என்ற சந்தேகம் இருந்தால் நாயை ஒருவரும் தொடாமல் அறையில் அடைத்து வைத்து, மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எவரையேனும் கடித்துவிட்டால் புண்ணைச் சவுக்காரமிட்டுத் தண்ணீரில் 15 நிமிஷ நேரம் கழுவி, அன்றே மனிதருக்குரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் தாட்சணியம் உதவாது. வெறிநோய் வெளிப்பட்ட பின் அதற்கு மருந்து இல்லை. ஆனால் வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்ட நாய் ஒன்று முக்கிக்கொண்டு சீறினால், நீரடைப்பையே முதலில் நினைக்க வேண்டும். தடுப்பூசிச் சீட்டு ஒன்று வீட்டிலிருந்தால், தடியெடுத்து வருபவரிடம் காட்ட அது பெரிதும் உதவும்.

மருத்துவர் முதலில் செய்வது

ஜனங்கள் “மாட்டாஸ்பத்திரி” என்று அழைக்கும் அரசினர் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. நாய்க்கும் அங்கே சிகிச்சை உண்டு. 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கால்நடை மருத்துவ உதவியைப் பற்றி விசாரித்துக் கொள்ளலாம்.

மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தாரையில் செலுத்தி அடைப்பு எங்கே இருக்கிறதென்று அறிகிறார். நாய் மிகவும் சோர்ந்திருந்தால் உடனே கத்தியை எடுப்பதில்லை. இரத்தக் குழாய் வழியாகச் சலைன் நீர் ஏற்றி, கெட்டுப்போன இரத்தத்தைச் சீர்ப்படுத்துகிறார். பையின் அழுத்தத்தைத் தணிக்க, வயிற்றின் வழியே ஊசி குத்தி நீரை உறிஞ்சி எடுப்பதும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டியிருந்தால், புறப்படுமுன் இவ்வுதவியைச் செய்யக்கூடுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அது வழியில் பை கிழியும் அபாயத்தைக் குறைக்கும்.

எக்ஸ்ரே படத்தில் கால்சியம் கலந்த கற்களும், ஸ்ட்ருவைட் என்னும் கற்களும் தெளிவாகத் தெரியும். யூரிக் அமிலத்தாலான கற்களும் சிஸ்டீன் கற்களும் படத்தில் மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அப்போது ஸ்கேன் பரிசோதனை உதவும். 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மன் அறிஞர் கண்டுபிடித்த கதிர்கள் மனிதருக்கு உதவுவது போலவே வாயில்லாப் பிராணிகளுக்கும் உதவுகின்றன.

கல்லைப் பின்னே தள்ளுதல்

கல்லை முன்புறமாக இழுத்து எடுப்பது எளிதென்று தோன்றும். அது தவறு, எலும்பின் பள்ளம் வழி விடாது. ஆகவே மருத்துவர் அதை வந்த வழியே பைக்குள் திருப்பி அனுப்ப முயலுகிறார். நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது. உதவியாளர் உறையணிந்த விரலை மலக்குடலுக்குள் செலுத்தி, இடுப்பெலும்பின் மேல் தாரையை அழுத்தி மூடுகிறார். மருத்துவர் குறியின் நுனியில் குழாயைச் செலுத்தி வழுவழுப்பான திரவமும் சலைனும் கலந்து வேகமாக ஏற்றுகிறார். இரு பக்கமும் மூடப்பட்டதால் தாரை உப்பி விரிகிறது. கல் பிடி தளர்கிறது. அச்சமயத்தில் உதவியாளர் விரலை எடுத்ததும், நீர் கல்லை அடித்துக்கொண்டு பைக்குள் ஓடுகிறது. அடைப்பு நீங்குகிறது. கத்தியில்லாமலே உயிர் பிழைக்கும் வழி இது. நீர்த்தாரையில் கத்தி படாமலிருப்பது பிற்காலத்துக்கும் நன்மையாதலால், மருத்துவர்கள் இம்முறையையே முதலில் கையாளுகின்றனர்.

ஆனால் கல் பைக்குள் இருக்கும் வரையில் மறுபடியும் இறங்கி வரக்கூடும். ஆகையால் அடுத்த படி அவசியமாகிறது.

மூத்திரப்பையைத் திறத்தல்

நாயின் நிலை சீரடைந்த பின், முழு மயக்கத்தில் அடிவயிற்றைத் திறந்து மூத்திரப்பையை வெளியே எடுத்து, நனைந்த துணிகளால் சுற்றிலும் அணைகட்டி, இரத்தக் குழாய்கள் குறைந்த இடத்தில் கீறி, கற்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பின்பு இரு புறமிருந்தும் சலைன் ஏற்றித் தாரையைக் கழுவி, மணலும் மிஞ்சாதபடி பார்க்கிறார்கள். தானே கரைந்துபோகும் நூலால் பையைத் தைக்கிறார்கள். எண்ணிக்கை தவறாமலிருக்க மறுபடியும் எக்ஸ்ரே எடுப்பது நல்ல வழக்கம். மூத்திரப்பை வெகு சீக்கிரம் ஆறும் உறுப்பு. இரண்டு மூன்று வாரங்களில் ஏறக்குறையப் பழைய உறுதியை அடைகிறது.

மூத்திரப்பைக் கல்லைக் கீறி எடுக்கும் முறை மனிதருக்குச் செய்யப்பட்டதைச் சுசுருத சம்ஹிதை என்னும் பழைய வைத்திய நூல் விவரித்திருக்கிறது. அக்காலத்து நோயாளிக்கு இல்லாத பேறு ஒன்று இக்காலத்து நாய்க்கு உண்டு. 1846-ஆம் ஆண்டில் ஈதரும், 1847-ஆம் ஆண்டில் குளோரோபாரமும் ரண சிகிச்சையில் கையாளப்பட்ட பின் மயக்க மருந்துகள் வளர்ந்து, நோவறியாமல் சிகிச்சை செய்வது சாத்தியமாயிற்று.

தாரையைக் கீறுதல்

கல் பின்னே நகராவிட்டால், விதைப்பைக்கு முன்னால், குறியின் அடிப்புற நடுக்கோட்டில் தோலையும் தாரையையும் கீறிக் கல்லை வெளியே எடுக்கிறார்கள். இக்கீறலைத் தைப்பதும் உண்டு. தைக்காமல் தானே ஆற விடுவதும் உண்டு. தைக்காமல் விட்டால் சில நாட்கள் நீர் அவ்வழியாகவும் ஒழுகும். நாய் நீர் விடும்போதும் உணர்ச்சி வசப்படும்போதும் இரத்தம் சொட்டும். முன்னறிவிப்பில்லாத வீட்டார் இதைக் கண்டு பயப்படுவது இயல்பு. ஆகையால் எத்தனை நாள் வரை எவ்வளவு இரத்தம் வரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வருவது நலம்.

புது வழி அமைத்தல்

மீண்டும் மீண்டும் கல் உண்டாகும் நாய்களுக்கும், தாரை தழும்பால் சுருங்கிய நாய்களுக்கும் நிலையான புது வழி ஒன்று அமைக்கப்படுகிறது. காயடித்து, விதைப்பையை அகற்றி, அவ்விடத்தில் தாரையை நீளவாக்கில் திறந்து, அதன் உள்தோலை வெளித்தோலுடன் நுண்ணிய தையல்களால் இணைத்து விடுகிறார்கள். அதன்பின் நீர் அத்துவாரத்தின் வழியாகவே வெளிப்படும். முன்னேயிருக்கும் எலும்புப் பள்ளத்தை அது எட்டவே வேண்டியதில்லை. விதைப்பையின் இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்படுகிறதென்றால், அங்கே தாரை சற்று அகலமாகவும் தோலுக்கு அருகிலும் இருக்கிறது, இரத்தப்போக்கும் குறைவு, நீர் தொடையில் வழிந்து புண்ணாக்குவதும் குறைவு. பின்னால் சிறு கல் உண்டானாலும் அது பெரும்பாலும் தானே வெளியே விழுந்துவிடும்.

இச்சிகிச்சைக்கு இணங்க மறுக்கும் நாய்க்காரர் பலர். “காயடித்தால் காவல் குணம் போய்விடும், ஐயா, பெட்டையைப்போல் உட்கார்ந்து நீர்விடும் நாயை ஊரார் நகைப்பார்கள்” என்று சொல்வதுண்டு. உட்கார்ந்து நீர்விடும் என்பது உண்மை. ஆனால் தன் வீட்டாரையும் அந்நியரையும் பிரித்தறிவதும், அந்நியரைக் கண்டு குரைப்பதும் காயடிப்பதால் மறைந்துவிடுவதில்லை. காயடித்த எருது ஏர் உழுவதை நாள்தோறும் காணும் விவசாயிக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டை நாயைத் தேடி இரவில் ஊர் சுற்றுவது குறைவதால், வாசலில் இருக்கும் நேரமும் கூடலாம்.

சிகிச்சைக்குப் பின்

தைத்த இடத்தை நாய் நக்கினால் செய்த வேலை வீணாகும். பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை கழுத்தில் கூம்பு மாட்டி வைக்க வேண்டும். கடையில் விற்கும் கூம்பு கிடைக்காவிட்டால், அடிப்பாகத்தை வெட்டிய பிளாஸ்டிக் வாளியின் ஓரத்தில் துணி தைத்துக் கட்டலாம். அந்நாட்களில் குளிப்பாட்டலாகாது, ஓட விடலாகாது, உலர்ந்த சாக்கின் மேல் படுக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நீர் தாரையாக வருகிறதா, துளித்துளியாக வருகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வாந்தி, சோர்வு, மறுபடியும் முக்கல் ஆகியவை தோன்றினால் அன்றே திரும்ப வேண்டும். நாயின் நீரைத் துடைத்த கைகளைச் சவுக்காரத்தால் கழுவ வேண்டும். எலிக்காய்ச்சல் என்னும் நோய்க்கிருமி நாயின் நீர் மூலமாகவும் மனிதருக்குப் பரவக்கூடும்.

எடுத்த கல்லைக் குப்பையில் எறியலாகாது. அது இன்ன வகையென்று பரிசோதித்தால்தான் மறுபடியும் உண்டாகாமல் தடுக்க வழி தெரியும். கிருமியால் மூத்திரப்பை புண்ணாகி உண்டாகும் ஸ்ட்ருவைட் கற்கள் பெட்டை நாய்களில் அதிகம். அவை பைக்குள் இருக்கும்போதே மருந்தாலும் விசேஷ உணவாலும் கரையக்கூடும். கால்சியம் ஆக்ஸலேட் கற்களைக் கரைக்கும் மருந்து இல்லை. யூரிக் அமிலத்தைச் சேர்ந்த கற்கள் டால்மேஷியன் என்னும் புள்ளி நாய்க்குப் பரம்பரைக் குறையால் உண்டாகின்றன. அக்குறைக்குக் காரணமான மரபணு 2008-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அத்தகைய நாய்க்கு ஈரல் முதலிய உறுப்பிறைச்சியை விலக்க வேண்டும். சிஸ்டீன் கற்கள் சில நாய்களில் காயடித்த பின் குறைகின்றன.

எவ்வகைக் கல்லாயினும் பொதுவான தடுப்பு ஒன்றுண்டு. நாய்க்கு எப்போதும் நல்ல தண்ணீர் வைத்திருத்தல். சோற்றைக் கட்டியாக வைக்காமல் நீர்விட்டுக் கரைத்து வைக்கலாம். நாளெல்லாம் கட்டிப்போட்டிருக்கும் நாய் நீரை அடக்கி வைக்கும். அதைப் பல தடவை அவிழ்த்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கொல்லைக் காவலுக்குச் செல்பவர் தமக்குத் தண்ணீர் எடுத்துச் செல்லும்போது நாய்க்கும் ஒரு சட்டியில் வைப்பாராக.

ஆடு மாடுகளுக்கும் இந்நோய் உண்டு

இவ்வறிவு நாய் வளர்ப்பவருக்கு மட்டும் உரியதன்று. இளவயதில் காயடித்த கிடாக்களுக்கும் எருதுகளுக்கும் தாரை குறுகலாக இருப்பதால் கல்லடைப்பு ஏற்படுகிறது. தவிடும் தானியமும் மிகுதியாகவும் பசும்புல் குறைவாகவும் தின்னும் ஆடுகளில் இது அதிகம். ஆட்டின் குறிநுனியில் புழுவைப்போன்ற ஒரு நீட்சி உண்டு. கல் அங்கே சிக்கியிருந்தால், மருத்துவர் அந்நுனியை மட்டும் வெட்டி அடைப்பை நீக்கக்கூடும். எருதின் தாரை பாம்புபோல் வளைந்து செல்வதால் கல் அவ்வளைவில் தங்குகிறது. வயிற்றின் வழியாக மூத்திரப்பைக்குள் ஒரு குழாயை வைத்துத் தைத்து, நீரை அதன் வழியே வெளியேற்றி, அம்மோனியம் குளோரைடு கொடுத்துக் கல்லைக் கரைய விடும் முறை ஆடுகளிலும் கன்றுகளிலும் பயன்படுகிறது. காலையிலிருந்து நீர்விடாத கிடாவை மாலை வரை பார்த்துக் கொண்டிருப்பவர் நஷ்டத்துக்கு வழி தேடிக் கொள்கிறார்.

எங்கே செல்வது, செலவுக்கு என்ன செய்வது

இத்தகைய ரண சிகிச்சைகளை எல்லாச் சிறு மருந்தகங்களிலும் செய்வது இயலாது. மயக்க மருந்து, எக்ஸ்ரே, உதவியாளர் ஆகியவை வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1935-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டு, 1989-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நாய்களுக்குரிய ரண சிகிச்சைப் பிரிவு உண்டு. போளூரிலிருந்து அது 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஆகவே முதலில் உள்ளூர் மருந்தகத்துக்குச் சென்று, அங்குள்ள மருத்துவர் காட்டும் வழிப்படி நடப்பதே முறை.

தூரம் ஒருபுறமிருக்க, வண்டி வாடகை, மருந்து, தங்கும் செலவு, தறி நின்றுபோகும் கூலி ஆகியவற்றை எண்ணி ஏழை நெசவாளி தயங்குவது நியாயமே. சிகிச்சை செய்தும் சில நாய்கள் பிழைப்பதில்லை. பிழைத்தவற்றிலும் சிலவற்றுக்குக் கல் திரும்பி வருவதுண்டு. குண்டிக்காய் முழுவதும் கெட்டுப்போன நாயை வேதனையில்லாமல் உயிர்நீங்கச் செய்வதே தயவு என்று மருத்துவர் சொல்லும் சந்தர்ப்பமும் நேரலாம். இவற்றை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் முதல் நாளில் வரும் நாய்க்கு ஒரு குழாயும் சிறிது சலைனும் போதுமானதாயிருக்கக் கூடும். மூன்றாம் நாளில் வரும் நாய்க்குப் பெருஞ்செலவும் போதாமற் போகக்கூடும். ஏழைக்குச் செலவைக் குறைக்கும் வழி தாமதிப்பதன்று, விரைவதே.

1904-ஆம் ஆண்டில் திரூரில் சில விவசாயிகள் சேர்ந்து கடன் சங்கம் அமைத்தபோது, ஒருவரால் தாங்க முடியாத சுமையைப் பலர் சேர்ந்து தாங்குவது என்னும் கொள்கையையே மேற்கொண்டனர். அக்கொள்கை இங்கும் பொருந்தும். கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணும், 1962 என்ற எண்ணும் சங்கக் கட்டடத்தின் சுவரில் பெரிதாக எழுதப்படலாம். வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் இரண்டு மூன்று பேர், அவசரத்துக்கு டீசல் செலவு மட்டும் பெற்றுக்கொண்டு வருவதாக ஒப்புக் கொள்ளலாம். ஆடு, மாடு, நாய் வளர்க்கும் அங்கத்தினர்கள் வாரந்தோறும் ஒரு சிறு தொகையைச் சிக்கனச் சேமிப்பாகத் தனியே சேர்த்து வரலாம். வருஷத்துக்கு ஒரு முறை கால்நடை மருத்துவரை அழைத்துக் கிராமத்து நாய்கள் யாவற்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடச் செய்வது, மனிதருக்கும் பாதுகாப்பு. நீரடைப்பால் வருந்தும் நாய் வெறிநாயென்று அடிபட்டுச் சாகாமலிருக்கவும் உதவி.

முதலில் கூறிய நெசவாளி வீட்டுக்கு மறுபடியும் செல்வோமாக. அதே நாய், அதே காலை, அதே கம்பம். நாய் மூன்றாவது தடவை காலைத் தூக்கியும் நீர் விழவில்லை என்பதை நெசவாளி கவனிக்கிறார். பெரியம்மாள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்துடன் வருகிறாள். “மலம் நேற்று மாலை நன்றாகவே கழிந்தது, அம்மா, இது நீரடைப்பு” என்று சொல்லி, அவர் நாடாவைப் பாவின் மேல் வைத்துவிட்டுக் குழித்தறியிலிருந்து எழுந்திருக்கிறார். அண்டை வீட்டு அங்கத்தினர் வண்டியை எடுக்கிறார். பகலுக்குள் நாய் மருந்தகத்து மேஜைமேல் இருக்கிறது. அன்றைய நெசவு அரை முழம் குறையும். அந்த அரை முழத்தை மறுநாள் நெய்து கொள்ளலாம்.

அங்கத்தினர்கள் இன்று வீட்டுக்குச் சென்றதும், தம் வாசலில் படுத்திருக்கும் நாயின் தண்ணீர்ச் சட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்களாக. நாளைக் காலையில் அது நீர்விடுவதை ஒரு முறை நின்று கவனிப்பார்களாக. இதற்கு ஒரு காசும் செலவில்லை.